முப்பத்தெட்டு ஓம்ஸ்

கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள் சார். தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது, மடியில் இருப்பது பல்பு. பழைய பனியனில் சுற்றியிருப்பதால் பார்க்கிறவர்களுக்கு மாதுளம்பழம் மாதிரி இருக்கும். விருதுநகரில் ஏறும்போது கண்டக்டரே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். நூறு வாட்ஸ் குண்டு பல்பு, அங்கே ஒரு பழைய கடையில் தேடிப்பிடித்து வாங்கினேன். இப்போது கடையில் போய்க் கேட்டால், "எந்தக் காலத்துல இருக்கீங்க அண்ணாச்சி" என்று எல்ஈடி டப்பாவைத் தூக்கி வைக்கிறார்கள். எங்கள் வேலைக்கு இது இல்லாமல் ஆகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கோவில்பட்டிக்கா? ரயிலா? ஏழு பத்துக்கா? மணி மூன்றுதானே ஆகிறது. நாலேகாலுக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடுவான். மூன்று மணி நேரம் அந்தப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள்? சரி, இருக்கட்டும்.

இந்த பல்பால் போன வருஷம் நான் பரீட்சையில் ஃபெயிலானேன் சார். ஐம்பது வயதில். சிரிக்கலாம், பரவாயில்லை, அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இதே பல்பு இல்லை. அது ஐடிஐக்காரர்களுடையது, இது என்னுடையது. இரண்டுக்கும் தலையில் நூறு என்றுதான் போட்டிருக்கும்.

என் பெயர் உத்தண்டு. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிகல் ஹெல்ப்பர். பத்தொன்பது வருஷமாக நைட் ஷிப்டு. சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஏழு வரை. ஹெல்ப்பர் என்றுதான் சம்பளச் சீட்டில் இருக்கும். ஆனால் நடுச்சாமத்தில் மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்கள்? எலெக்ட்ரீஷியன் செல்லையா தலைமாட்டில் சான்றிதழை வைத்துக்கொண்டு வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எங்கள் மில்லில் காகிதம் இருக்கிறவன் பகலில் வேலை பார்ப்பான், வேலை தெரிந்தவன் ராத்திரியில் வேலை பார்ப்பான்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய பேப்பர் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஐடிஐ பிள்ளைகள் படிக்கிற புத்தகம். அட்டை கிடையாது. பதினேழாம் பக்கத்தில் ஆரம்பிக்கும். அறுபத்து நாலுக்கு அப்புறம் எண்பத்தொன்று. நடுவில் இருந்த பக்கங்கள் போண்டா மடித்துக் கொடுக்கப் போயிருக்கும், மிச்சப் பக்கங்களிலும் எண்ணெய்க் கறை. இருந்தாலும் அதில் ஓம் விதி இருந்தது சார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்ஸ், அதாவது அந்தப் பொருள் கரண்டை எவ்வளவு மறிக்கிறது என்பது. அதே வோல்ட்டை அதே ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ், அதாவது அது எவ்வளவு தின்கிறது என்பது. இரண்டே எண். வகுத்தால் ஒன்று, பெருக்கினால் ஒன்று. இதைவிடச் சுத்தமான விஷயம் உலகத்தில் இருக்கிறதா? எனக்கு முப்பத்தி நாலு வயது அப்போது. பேப்பர் கடை வாசலில் நின்றே படித்தேன். கடைக்காரர், எடைக்குத்தான் தருவேன், படிக்கிறதுக்குத் தரமாட்டேன் என்றார்.

அதிலிருந்து ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் ஓம்ஸ் எத்தனை, வாட்ஸ் எத்தனை. மில் கேண்டீனில் டீ போடுகிற கெட்டில், மேனேஜர் ரூம் ஃபேன், பிள்ளையார் தலைக்கு மேல் எரிகிற சீரியல் செட். மேனேஜர் பெயர் மறந்துபோகும் எனக்கு. அவர் ஃபேன் எழுபத்தைந்து வாட்ஸ்.

இந்த வயதில் எதற்குப் பரீட்சை என்று கேட்பீர்கள். பகல் ஷிப்டு சார். செல்லையா ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்துக்கு வயர்மேன் பரீட்சை பாஸ் செய்த சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். பெரிய ஆசையெல்லாம் இல்லை. என் வீட்டு டியூப் லைட்டை நான்தான் மாட்டினேன். அது எரியும்போது அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராத்திரி எட்டு மணிக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிவி ஓட, தட்டில் தோசை விழ, டியூப் லைட்டில் பூச்சி சுற்ற, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

என் சம்சாரம் பெயர் சண்முகக்கனி. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறாள். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஏழே முக்காலுக்கு நான் வீட்டுக்குள் நுழைவேன். எட்டு மணிக்கு அவளுக்கு வேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு நான் மில் பஸ் ஏறுவேன், ஆறரைக்கு அவள் வேன் வரும். சில நாள் இரண்டு வண்டியும் எட்டயபுரம் ரோட்டில் எதிரெதிரே கடக்கும், கை காட்டுவாள். நான் பார்க்கிற அன்றைக்குப் பதிலுக்குக் காட்டுவேன். அவளுக்கு ஞாயிறு லீவு, எனக்குச் செவ்வாய். ஞாயிறு பகலில் அவள் வீட்டில் இருப்பாள், நான் தூக்கத்தில் இருப்பேன். செவ்வாய் லீவு என்பதும் எனக்குத் தூங்குகிறதுக்குத்தான். படுத்தால் புதன்கிழமை எழுந்திருப்பேன்.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம். பத்தொன்பது வருஷம். மொத்தம் எழுபத்திரண்டு நாள் வருகிறது. அதற்கு முன்னால் நான் லாரி கிளீனர், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த எழுபத்திரண்டு நாளில் ஒரு சண்டை கிடையாது சார். ஒரு சத்தம் கிடையாது. காபி இருக்கும், "சாப்பிட்டீங்களா" என்பாள், "கதவச் சாத்திக்கோங்க" என்பாள். எங்கள் தெருவில் வந்து கேட்டுப்பாருங்கள். உரசலே இல்லாத வீடு. பதினைந்து நிமிஷத்திலேயே இவ்வளவு நிம்மதி என்றால், ராத்திரி முழுக்க வீட்டில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகத்தான் பரீட்சை.

எழுத்துப் பரீட்சையில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. செய்முறையில்தான் வந்தது. மேஜையில் ஹோல்டரோடு ஒரு குண்டு பல்பு, சுவிட்ச், வோல்ட்மீட்டர், ஆம்மீட்டர், ஒரு மல்டிமீட்டர். இந்த பல்பின் மின்தடை என்ன, திறன் என்ன, கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் வயரைச் செருகி பல்பை எரியவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி தனியாக வேலை பார்க்கிறவன் கரண்ட் ஓடுகிற இடத்தில் கை வைக்கமாட்டான் சார். தூக்கி எறிந்தால் பார்க்க ஆள் இல்லை. காலையில்தான் கூட்டுகிற அம்மா வந்து பார்க்கும். முதலில் அணை, அப்புறம் அள. பத்தொன்பது வருஷமாக உயிரோடு இருக்கிறேன் என்றால் அதனால்தான். பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றினேன். மல்டிமீட்டரை இரண்டு பக்கமும் வைத்தேன். முப்பத்தெட்டு ஓம்ஸ்.

இருநூற்று முப்பது வோல்ட். முப்பத்தெட்டால் வகுத்தால் ஆறு ஆம்பியர், கொஞ்சம் கூட. பெருக்கினால் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாட்ஸ். எனக்கே ஒரு நிமிஷம் கை நின்றது, இல்லை என்று சொல்லமாட்டேன். பல்பின் தலையில் நூறு என்று போட்டிருக்கிறது. ஆனால் மீட்டர் பொய் சொல்லாது. எழுதிவிட்டேன்.

பரீட்சை வைக்க வந்தவர் தேவசகாயம் என்று ஒரு சார். முப்பத்தைந்து வயதிருக்கும், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என் பேப்பரைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பல்புல நூறுன்னு போட்டிருக்கே."

"ஒட்டுறவன் என்னத்தையும் ஒட்டுவான் சார். என் சம்சாரம் லேபிள் ஒட்டுறவதான். பெட்டியில அம்பது குச்சின்னு ஒட்டுவாங்க, எண்ணிப்பாத்தா நாப்பத்தி மூணு இருக்கும்."

"ஆயிரத்து முந்நூறு வாட்ஸ்னா அது பல்பு இல்ல அண்ணாச்சி, அயர்ன் பாக்ஸ். அத வச்சுச் சட்டை தேய்க்கலாம்."

அதற்குத்தான் அத்தனை பேரும் சிரித்தார்கள். மீசை முளைக்காதவனெல்லாம் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் என் தோளில் கை போட்டு, ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "நீங்க அளந்தது தூங்குற பல்ப. முழிச்சிருக்கும்போது அளந்து பாருங்க. அது வேற ஆளு."

இது ஒரு பேச்சா சார்? பல்புக்குத் தூக்கம் என்ன, விழிப்பு என்ன? ஒரே பல்பு, ஒரே கம்பி. அணைத்தால் ஒரு ஆள், எரிந்தால் ஒரு ஆள் என்றால் அப்புறம் அளந்து என்ன பிரயோசனம்? பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அவரை எப்படியெல்லாம் திட்டினேன் என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் திட்டினேன். மோட்டார் தூசி தட்டும்போது திட்டினேன், ஃபியூஸ் போடும்போது திட்டினேன்.

பரீட்சைக்குப் போனதைக் கனியிடம் சொல்லவில்லை. அதனால் ஃபெயிலானதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் எதைச் சொல்வது?

இதோ, சாத்தூர் வந்துவிட்டது. சேவு சாப்பிடுகிறீர்களா? காரச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்கிறேன், கனிக்குப் பிடிக்கும். இன்றைக்கு வீட்டில்தான் இருப்பாள். நேற்றெல்லாம் மழை இல்லையா, தீப்பெட்டி ஆபீஸ் லீவு விட்டுவிட்டார்கள். கனியின் அண்ணன் வீடு இந்த ஊரில்தான், அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அதையும் சொல்ல வேண்டும்.

நூல் விலை படுத்துவிட்டது என்று மார்கழியில் மில்லை மூடினார்கள். எட்டு நாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக எட்டு நாள் சேர்ந்தாற்போல் ராத்திரி வீட்டில் இருந்தேன். எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது சார், பழகிப்போன உடம்பு. சும்மா இருக்கவும் தெரியாது. வீட்டில் இருக்கிற சாமான்களை அளக்க ஆரம்பித்தேன். மிக்ஸியில் அவள் சட்னி அரைக்கும்போது வயரில் டாங் டெஸ்டரை மாட்டினேன். வயரைக் கவ்விப்பிடித்துக் கரண்ட் எவ்வளவு என்று சொல்கிற மீட்டர் அது. இரண்டு ஆம்பியர் சில்லறை, நானூற்று எண்பத்து மூன்று வாட்ஸ். சாக்பீஸால் மிக்ஸியிலேயே எழுதினேன். கிரைண்டரில் எழுதினேன். ஃபிரிட்ஜ் கதவில் எழுதினேன். ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலேயும் சுவரில் எழுதினேன். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் என்றாள். அடுத்த பொங்கல் வருகிறதே என்றேன். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் போடக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். போட்டாள். மெயினை அணைத்தேன்.

எட்டு நாளில் இருபத்து மூன்று சண்டை. எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. தெருவில் ஜன்னலெல்லாம் திறந்தது. எதிர்வீட்டு அம்மா, "கனி, வீட்ல விருந்தாளியா, ஆம்பளச் சத்தம் கேக்குது?" என்று கேட்டதாம். என் வீட்டில் என் சத்தம், விருந்தாளியாம்.

எட்டாவது நாள் டிவி. டிவியில் ஏதோ கோளாறு இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகப்பட்ட சாமானை நாங்கள் நேரடியாகக் கரண்டில் போடமாட்டோம். மில்லில் ரிப்பேர் பார்த்த சின்னச் சாமான் எதுவானாலும் அப்படித்தான். அதற்குத்தான் இந்தக் குண்டு பல்பு. சீரீஸ் பல்பு என்போம். கரண்ட் முதலில் பல்புக்குள் போய், பல்பு வழியாகச் சாமானுக்குப் போக வேண்டும். சாமானுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், அவ்வளவுதான். ஃபியூஸ் போகாது, வயர் கருகாது, யார் கையும் வேகாது. வருகிற வேகத்தையெல்லாம் பல்பு வாங்கிக்கொள்ளும். என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள். எத்தனை தடவை என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா?

டிவியை சீரீஸ் பல்பில் போட்டேன். கனி ஆபீஸிலிருந்து வந்து, குளித்து, காபியோடு உட்காருகிறாள், சீரியலில் அன்றைக்கு யாருக்கோ கல்யாணம். டிவி விட்டு விட்டு முழிக்கிறது. பல்பு மினுக்குகிறது. கல்யாணம் நடந்ததா நின்றதா என்று தெரியவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் சுவிட்சைப் போட்டாள். அடுப்படியில் இருந்ததும் குண்டு பல்புதான். டப்பென்று ஒரு வெளிச்சம், ஃபியூஸாகிப் போய்விட்டது. இருட்டுக்குள் நின்று சொன்னாள்:

"இது எப்பவும் போடும்போதுதான் போகுது. எரிஞ்சுக்கிட்டு இருக்கையில ஒரு நாளாவது போயிருக்கா?"

அப்படியெல்லாம் விதி கிடையாது, என் புத்தகத்தில் அப்படி ஒன்றும் போடவில்லை என்றேன்.

"ஒங்க புத்தகத்துல போண்டா எண்ணெதான் இருக்கு" என்றாள். மஞ்சள் பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னதுதான் எனக்கு மனதைத் தொட்டது.

"மில்லு தொறந்தா போன் போடுங்க. வாரேன்."

பாருங்கள் சார், அத்தனை கோபத்திலும் என் வேலையைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. மில் திறக்காமல் போய்விடுமோ, இவர் என்ன செய்வாரோ என்று. சாத்தூருக்குப் போய்விட்டாள். அடுத்த நாளே மில் திறந்தது. நான் மில் பஸ் ஏறும்போது போன் போட்டேன், மறுநாள் காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது காபி இருந்தது. சுவரைத் துடைத்திருந்தாள். "சாப்பிட்டீங்களா" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சண்டை கிடையாது.

ஆனால் அவள் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போடும்போதுதான் போகிறது. யோசித்தேன். நம் வீட்டில் எத்தனை பல்பு மாற்றியிருக்கிறேன், மில்லில் எத்தனை. எல்லாம் போடும்போதுதான் போனது சார். எரிந்துகொண்டே இருந்தது போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஏன்? போடுகிற அந்த ஒரு நொடியில் அப்படி என்ன நடக்கிறது? அப்போதுதான் முப்பத்தெட்டு ஓம்ஸ் மண்டையில் அடித்தது. போடும்போது பல்பு குளிர்ந்து கிடக்கிறது. முப்பத்தெட்டு ஓம்ஸ்தான் இருக்கிறது. ஆறு ஆம்பியர் உள்ளே பாய்கிறது. அந்த அடியைத் தாங்கவேண்டும். தாங்கிவிட்டால் கம்பி பழுத்துச் சூடேறி, ஓம்ஸ் ஏறி, கரண்ட் அடங்கிவிடும். தேவசகாயம் சொன்னது அதுதான். ஒரே கம்பி, தூங்கும்போது ஒரு ஆள், முழித்தால் வேறு ஆள்.

மில்லில் எரிகிற பல்பில் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். அவ்வளவு சின்னக் கரண்டை அது காட்டாது. வயரைப் பத்துச் சுற்று சுற்றி அதன் வாய்க்குள் விட்டேன். நாலு புள்ளி மூன்று. பத்தால் வகுத்தால் புள்ளி நாலு மூன்று. கணக்குப் போட்டால் ஐந்நூறு ஓம்ஸுக்கு மேல். முப்பத்தெட்டு எங்கே, ஐந்நூறு எங்கே. பதினான்கு மடங்கு சார். எரிகிற பல்பு பதினான்கு மடங்கு மல்லுக்கட்டுகிறது. அணைத்துவிட்டு அளக்கிறவனுக்கு அது ஆயுசுக்கும் தெரியாது. என் புத்தகத்தில் அறுபத்தைந்தாம் பக்கத்தில் இருந்திருக்கும். யாரோ அதில் போண்டா தின்றிருக்கிறான்.

இந்த வருஷம் மறுபடி எழுதினேன். அதே மேஜை, அதே தேவசகாயம். எரியவிட்டு அளந்தேன். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட், புள்ளி நாலு மூன்று ஆம்பியர். வகுத்தால் ஐந்நூற்று முப்பது ஓம்ஸ், பெருக்கினால் தொண்ணூற்றெட்டு வாட்ஸ். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், கரண்ட் ஓடுகிற இடம் இல்லையா. தேவசகாயம் பேப்பரைப் பார்த்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். வீட்டில் படித்தவங்களா என்றார். லேபிள் ஒட்டுறா என்றேன்.

இந்தப் பைக்குள் இருப்பதுதான் சான்றிதழ். இன்றைக்குக் காலையில் போய் வாங்கினேன். மில்லுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து பகல் ஷிப்டு. இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. அப்புறம் எல்லா ராத்திரியும் வீட்டில்.

கனிக்கு ஒன்றும் தெரியாது. ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று வைத்திருக்கிறேன். எவ்வளவு சந்தோஷப்படுவாள் பாருங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று சார். இதோ இந்த டிக்கெட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். பதினைந்து நிமிஷத்துக்குச் சண்டை பூஜ்யம். பகல் ஷிப்டு வந்தால் ஒரு நாளைக்கு முழுசாகப் பத்தரை மணி நேரம் வீட்டில், அதாவது நாற்பத்திரண்டு மடங்கு. பூஜ்யத்தை நாற்பத்திரண்டால் பெருக்கினாலும் பூஜ்யம். அந்த எட்டு நாளை நான் சேர்க்கவில்லை. மில் மூடியிருந்த நேரம், மனசு சரியில்லாத நேரம், அது ரீடிங்கில் சேராது.

என்ன சார் கேட்டீர்கள்? ஹாரன் அடித்தான், காதில் விழவில்லை.

எரியும்போது எடுத்த ரீடிங் எது என்றா?

...

இது நல்லி ஸ்டாப்பா? நல்லி தாண்டிவிட்டதா?

நீங்கள் கேட்டது பல்பைப் பற்றித்தானே? இல்லை, எனக்குப் புரிகிறது. பதினைந்து நிமிஷம் என்பது... அவள் வேனுக்கு அவசரமாகச் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருப்பாள், நான் தூக்கக் கலக்கத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அதில் என்ன ரீடிங் கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள். அணைத்து வைத்து அளந்த மாதிரிதான். பத்தொன்பது வருஷமாக முப்பத்தெட்டு ஓம்ஸ்.

எட்டு நாளில் இருபத்து மூன்று. ஒரு நாளைக்கு மூன்று, கொஞ்சம் குறைவு. வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வரும். பெருக்க வேண்டாம், விடுங்கள்.

மில்லு தொறந்தா போன் போடுங்க என்றாள் இல்லையா. நான் போன் போட்டபோது ஒரு வார்த்தை கேட்டாள் சார், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. "நைட் ஷிப்டுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப இந்தா கெளம்பிட்டேன்" என்றாள். அதில் ஒன்றும் இல்லை. சாதாரணமாகக் கேட்கிறதுதான். எனக்குச் சாப்பாடு கட்டவேண்டுமே என்று கேட்டிருப்பாள்.

சந்தோஷப்படுவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டு மணிக்கு டியூப் லைட்டுக்குக் கீழே நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். எதையும் அளக்கமாட்டேன், சாக்பீஸைத் தொடமாட்டேன். சீரியலைக்கூடப் பார்ப்பேன். பழகிவிட்டால் சரியாகிவிடும் சார். சூடேறிவிட்டால் தானாக அடங்கிவிடும். அந்த முதல் நொடியைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான் விஷயம். போடும்போதுதான் போகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ஊர் வந்துவிட்டது, அந்த மில் புகைக்கூண்டு தெரிகிறது பாருங்கள். மணி நாலேகால்தான் ஆகிறது. உங்களுக்கு ஏழு பத்துக்குத்தானே வண்டி? என் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம். கனி காபி நன்றாகப் போடுவாள், அதை நான் எழுபத்திரண்டு நாளும் பார்த்திருக்கிறேன். ஆறேகாலுக்கு நான் மில் பஸ் ஏறவேண்டும், ரயில்வே ஸ்டேஷன் வழியாகத்தான் போகும், உங்களையும் இறக்கிவிடச் சொல்கிறேன். டிரைவர் நம் ஆள்தான்.

நீங்கள் எதுவும் பேச வேண்டாம். எனக்கும் கனிக்கும் நடுவில் ஒரு நாற்காலி கிடக்கும், அதில் உட்கார்ந்து சேவு கொறித்துக்கொண்டிருந்தால் போதும். வெளி ஆள் இருந்தால் அவள் சத்தம் போடமாட்டாள், கௌரவம் பார்க்கிறவள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் உங்களைப் பார்த்துத்தான் சொல்வாள். "கேட்டீங்களாண்ணே" என்று ஆரம்பிப்பாள். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முகம் கொஞ்சம் சூடாகும் உங்களுக்கு. வேறு ஒன்றும் ஆகாது.

எழுந்திருங்கள், வாசல் பக்கம் போய்விடலாம், கூட்டம் ஏறிவிடும். நான் பையையும் சேவுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இந்த பல்பைக் கொஞ்சம் பிடியுங்கள் சார். இரண்டு கையாலும் பிடியுங்கள்.